சென்னையில் எந்தப் பேட்டையில் ரூம் போடுவது?

போன சித்திரையில் ஒரு ராத்திரி விருத்தாசலத்திலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "மாமா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறோம். நீங்க ஒண்ணும் அலைய வேணாம், கோயம்பேட்டுல ரூம் போட்டுட்டேன்."

ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். நுங்கம்பாக்கம் என்றான். அப்புறம் ஏன் கோயம்பேடு?

"பஸ் ஸ்டாண்டு அங்கதானே மாமா?"

முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்கே தங்குவது என்று கேட்டு மாதத்துக்கு ஒரு போனாவது வரும். பரீட்சை, கவுன்சிலிங், ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, கோர்ட்டு வாய்தா, பிள்ளைகளுக்குக் கடல் காட்ட என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். ஆனால் அவர்கள் ரூம் போடுவது அந்த வேலையைப் பார்த்து இல்லை. யாரோ எப்போதோ சொன்னதை வைத்துப் போடுகிறார்கள். அதில் வீணாகும் பணத்தைவிட வீணாகும் தெம்பைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நோயாளியோடு வருகிறவர்களுக்கு அந்தத் தெம்புதான் முதல். அதனால் நான் அடிக்கடி கேட்கும் நம்பிக்கைகளையும் உள்ள நிலவரத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"பஸ் ஸ்டாண்டு கோயம்பேட்டில் இருக்கிறது"

அக்கா மகன் மேல் தப்பில்லை. 2002-இல் பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் போனபின், இருபது வருஷத்துக்கு மேல் தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை என்றால் முதலில் கால் வைக்கும் மண் அதுதான். விடிகாலையில் இறங்கி, எதிரே ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு வேலையைப் பார்க்கக் கிளம்புவது ஒரு தலைமுறையின் பழக்கம். ஆனால் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தது. தெற்கேயிருந்து வரும் அரசு பஸ்கள் பெரும்பாலும் இப்போது அங்கே நின்றுவிடுகின்றன. வண்டலூர் உயிரியல் பூங்காவையும் தாண்டிய இடம் அது. அங்கிருந்து சென்ட்ரல் 30 கிலோமீட்டருக்கு மேல். காலை நாலரை மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு இன்னொரு பஸ் பிடித்துக் கோயம்பேடு லாட்ஜுக்கு வந்து, குளித்துவிட்டு நுங்கம்பாக்கம் போவது என்பது பாதி ஊரைச் சுற்றுவது.

ஆந்திராப் பக்கம் போகும் பஸ்கள் 2018 முதல் மாதவரத்தில். ஆக, சென்னையில் இன்றைக்கு 'பஸ் ஸ்டாண்டு' என்று ஒரே இடம் கிடையாது. டிக்கெட்டில் இறங்குமிடம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

ரயிலும் அப்படித்தான். தெற்கிலிருந்து வருவது பெரும்பாலும் எழும்பூர். கோவை, சேலம், பெங்களூரு, வடநாடு என்றால் சென்ட்ரல். சில வண்டிகள் தாம்பரத்தோடு முடிந்துவிடும். சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் நடுவே மெட்ரோவில் ஒரே ஸ்டாப்தான். அதனால் அந்த இரண்டில் எதன் பக்கம் தங்கினாலும் நஷ்டமில்லை. எழும்பூர் கென்னத் லேனிலும் சென்ட்ரலை ஒட்டிய பெரியமேட்டிலும் சின்ன லாட்ஜுகள் நிறைய. ஒரு பகல் மட்டும் இளைப்பாற வேண்டுமென்றால் ரயில்வே ஓய்வறை இருக்கிறது. உறுதியான டிக்கெட் கையில் இருந்தால் ஐஆர்சிடிசி மூலமே பதிவு செய்யலாம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

"சொந்தக்காரன் இருக்கும்போது லாட்ஜில் தங்குவது அவமரியாதை"

இதுதான் எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. என் வீட்டிலேயே இதனால் மனத்தாங்கல் வந்திருக்கிறது.

2011-இல் மாநகராட்சி எல்லையை விரித்தபின் சென்னை 426 சதுர கிலோமீட்டர். அதற்கு வெளியேதான் எங்களைப் போன்றவர்களின் வீடு. நான் இருப்பது தாம்பரம் தாண்டி, மாடம்பாக்கத்தில். "எங்க மாமா சென்னையில இருக்காங்க" என்று ஊரில் சொல்லும்போது கேட்பவர் மனதில் வருவது மெரினாவும் சென்ட்ரலும். உண்மையில் என் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம், அங்கிருந்து இன்னொரு ஆட்டோ. ஆரோக்கியமான ஆளுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேர்ந்தது. நான் வற்புறுத்தித்தான் வீட்டில் தங்கவைத்தேன். பதினோரு நாள் தினமும் போய் வந்தோம். ஆறாவது நாள் சாயங்காலம் கிண்டியில் கூட்டம் ஏறியபோது, சிகிச்சை முடிந்த கையோடு அவர் கம்பியைப் பிடித்து நின்றார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "பக்கத்துல எங்கயாவது ஒரு ரூம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டா" என்றார். அதுவரைக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் உபசரிப்பு என்று நினைத்தது அவருக்குத் தண்டனையாக முடிந்தது.

அதிலிருந்து நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்குங்கள். சாப்பாடு நான் கொண்டுவருகிறேன். வேலை முடிந்து ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுப் போங்கள். ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு முதலில் முகம் சுளிப்பார்கள். வந்து போனபின் அவர்களே அடுத்தவருக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

"மெரினா பக்கம் ரூம் எடுத்தால் ஜன்னலைத் திறந்தால் கடல்"

பிள்ளைகளோடு வருகிறவர்கள் இந்த ஆசையில் கூடுதலாகப் பணம் கட்டுகிறார்கள். காமராஜர் சாலையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, பொதுப்பணித்துறை வளாகம், காவல்துறைத் தலைமையகம், ராணி மேரி கல்லூரி. கடலைப் பார்த்த வரிசை முழுக்கக் கல்லூரிகளும் அலுவலகங்களும்தான். தங்கும் விடுதிகள் அந்த முகப்பில் இல்லை. 'மெரினா அருகில்' என்று போட்டிருக்கும் ரூம்கள் பின்னால் இருக்கும் திருவல்லிக்கேணியிலோ, ராதாகிருஷ்ணன் சாலையிலோ, மயிலாப்பூரிலோ இருக்கும்.

ரோட்டிலிருந்து அலை வரைக்கும் மணலில் ஒரு நல்ல நடை நடக்க வேண்டும் என்பதையும் புதிதாக வருபவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்த அகலம் இயற்கையாக மட்டும் வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போட்டார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அது தடுத்து நிறுத்தியது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டே போக, பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று.

குளிக்கலாம் என்று நினைத்து வந்தால் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மெரினாவில் அடிநீரோட்டம் இழுக்கும், கரை சட்டென்று ஆழமாகும். ஒவ்வொரு வருஷமும் வெளியூர்ப் பிள்ளைகள்தான் அங்கே உயிரை விடுகிறார்கள். குதிரை மேல் வரும் போலீஸ்காரர் கரையேறச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

ஆனால் திருவல்லிக்கேணியில் தங்குவதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். 'அது பேச்சிலர் மேன்ஷன் ஏரியா, குடும்பத்துக்கு ஒத்துவராது' என்பது பாதி உண்மை. மேன்ஷன்கள் இருக்கின்றன. குடும்பங்களுக்கு ரூம் கொடுக்கும் லாட்ஜுகளும் இருக்கின்றன. போன் பண்ணி, பெண்களும் பிள்ளைகளும் வருகிறோம் என்று சொல்லிக் கேட்டுக்கொண்டால் போதும். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, பார்த்தசாரதி கோயில் பக்கத்துத் தெருக்களில் கோலம் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால் சூரியன் கிளம்பும்போது மணலில் நிற்கலாம். இது கிழக்குக் கடல். சூரியன் எழுவதுதான் தண்ணீரில் தெரியும். மறைவது நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவே. சாயங்காலம் பஜ்ஜியும் சுண்டலும் கூட்டமும் நன்றாகத்தான் இருக்கும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் விடிகாலையில் போங்கள். திரும்பும் வழியில் ரத்னா கபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். வாடகையும் ஏறும், தெருவும் அடைபடும். இதே மாதிரி டிசம்பர் பதினைந்திலிருந்து புத்தாண்டு வரை மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் கச்சேரி கேட்க வருபவர்கள் ரூம்களை எப்போதோ பிடித்து வைத்திருப்பார்கள்.

"தி. நகர்தான் ஊருக்கு நடுவில்"

கல்யாண ஜவுளி, நகை எடுக்க வந்தால் தி. நகர் சரி. வேறு எந்த வேலைக்கும் அது நடு இல்லை. முதல் கட்ட மெட்ரோ தி. நகருக்குள்ளேயே நுழையவில்லை. கிட்டத்தில் இருப்பவை நந்தனமும் தேனாம்பேட்டையும். இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையில்தான் பனகல் பூங்காவுக்கு ஸ்டேஷன். அந்த வேலைகளால் தெருக்கள் சுருங்கியிருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் உஸ்மான் ரோட்டில் ஆட்டோ பிடிப்பதே ஒரு வேலை.

என் யோசனை மேற்கு மாம்பலம். மாம்பலம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு, இந்தப் பக்கம் மேற்கு மாம்பலம். தண்டவாளத்தைத் தாண்டியதும் சத்தம் குறைந்துவிடும், வாடகையும் குறையும், வீட்டுச் சமையல் மாதிரி மெஸ் சாப்பாடு கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் நிலையத்துக்கு 2023-இல் ஆகாய நடைபாதை திறந்தபின், துணிப் பைகளோடு கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வரும் பல ரயில்கள் மாம்பலத்திலேயே நிற்கும் என்பது கூடுதல் சௌகரியம். எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம்.

"கடலோரம் தங்கினால் மழையில் மாட்டிக்கொள்வோம்"

ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் பயப்படுவது கடலுக்கு. பயப்பட வேண்டியது ஏரிக்கு. 2015 டிசம்பரில் ஊரை மூழ்கடித்தது அடையாற்று வெள்ளம். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் எல்லாம் ஆற்றை ஒட்டியவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் தண்ணீர் நின்ற வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் ஏரியும் சதுப்பு நிலமுமாக இருந்த பூமி. தி. நகரே மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது, ஏரிதான் இல்லை. பலத்த மழை பெய்தால் துரைசாமி சப்வேயும் அரங்கநாதன் சப்வேயும் மூடப்படும். அப்போது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் போக நெடுந்தூரம் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் ரூம் போடுபவர்கள் வேலையும் தங்குமிடமும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணி, பெசன்ட் நகர் போன்ற மணல் மேட்டுப் பகுதிகளில் தண்ணீர் தேங்கவே தேங்காது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் சீக்கிரம் வடிந்துவிடும்.

"வடசென்னைப் பக்கம் போகவே கூடாது"

சினிமா பார்த்து வந்த பயம் இது. கத்தியும் கஞ்சாவுமாக ஒரு ஊரைத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டார்கள். அங்கே குடியிருக்கும் லட்சக்கணக்கான உழைப்பாளிக் குடும்பங்களுக்குச் செய்த அநியாயம் அது என்று நினைக்கிறேன். வேலைக்கு மனு போடும் பிள்ளை முகவரியில் பேட்டையின் பெயரை எழுதத் தயங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஹைகோர்ட்டில் வழக்கா, தலைமைச் செயலகத்தில் வேலையா, டிஎன்பிஎஸ்சி அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பா? பாரிமுனை, மண்ணடி, பிராட்வே பக்கம்தான் தங்க வேண்டும். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். ஹைகோர்ட், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று மெட்ரோ வரிசையாக நிற்கிறது. மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்க வருபவர்களுக்கும் இதுவே இடம். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெரு ஒன்று போதும். ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் போனால், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ கிடைக்கும். கனமான மஞ்சள் நூடுல்ஸில் வெங்காயமும் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் விட்டுக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டுச் சூப்போடு தருவார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பகலில் மீன்பாடி வண்டிக்கும் மனிதனுக்கும் நடுவே நடக்க இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும்போது தெருக்கள் வெறிச்சென்று போகும். புதிதாக வரும் பெண்கள் ராத்திரி ஒன்பதுக்கு மேல் அந்த ஆளில்லாத தெருக்களில் தனியாக நடக்க வேண்டாம். இதை அண்ணா சாலையின் சில பகுதிகளுக்கும் சொல்வேன்.

"ஈசிஆர் ரிசார்ட்டில் தங்கிச் சென்னையைச் சுற்றலாம்"

முடியாது. கோவளம் பக்கம் தங்கினால் சென்ட்ரல் சுமார் 40 கிலோமீட்டர். ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. மாமல்லபுரம் பார்ப்பதுதான் ஆசை என்றால் ஒரு ராத்திரி மாமல்லபுரத்திலேயே தங்கிவிடுங்கள். பஸ்ஸில் வரும் கூட்டம் இறங்குவதற்கு முன்னால், காலை வெயில் விழும்போது கடற்கரைக் கோயிலைப் பார்க்கலாம். விமானத்துக்காக ஏர்போர்ட் பக்கம் தங்குவதும் பெரும்பாலும் தேவையில்லை. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மெட்ரோ காலை ஐந்துக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பதால், அதற்கு முந்திய விமானம் என்றால் மட்டும் மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் யோசிக்கலாம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். கோயம்பேட்டிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோ நேராக வருகிறது, அங்கிருந்து ஆஸ்பத்திரி பெரிய தூரமும் இல்லை. ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்தபின் வெளிச்சமே கூசும். அந்த நிலையில் எஸ்கலேட்டரும் ஆட்டோ பேரமும் அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு ஆகாது. பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் வரச் சொன்னேன். கட்டிய முன்பணத்தை அந்த லாட்ஜ் திருப்பித் தரவில்லை. போகட்டும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். பக்கத்தில் எங்கே மலிவாகத் தங்கலாம், எந்த அறக்கட்டளை இடம் தருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கிரீம்ஸ் ரோடு பக்கம் போனால் அதற்கென்றே ஒரு ஊர் உருவாகியிருப்பதைப் பார்க்கலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகச் சந்துகளில் வங்காளி எழுத்தில் போர்டுகள், அடுப்பு வைத்த வாடகை அறைகள், மதியம் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் ஆஸ்பத்திரியை ஒட்டித் தங்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். விருத்தாசலத்துக்காரர்களான நாம் பஸ் ஸ்டாண்டைத் தேடுகிறோம்.

எழும்பூரில் ஒரு சின்ன லாட்ஜ் கிடைத்தது. போனில் நாலு கேள்வி கேட்டேன். லிப்ட் உண்டா, இல்லாவிட்டால் தரைத்தளத்தில் ரூம் தருவீர்களா? வெந்நீர் எத்தனை மணிவரை? செக் அவுட் பகல் பன்னிரண்டா, இருபத்துநாலு மணி நேரமா? ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டி வந்தால் இதே ரூம் கிடைக்குமா? மூன்றாவது கேள்வி முக்கியம். சென்னையில் பல லாட்ஜுகளில் இன்றைக்கும் இருபத்துநாலு மணி நேர முறை உண்டு. காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரை ஒரு நாள் கணக்கு. பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் விடிகாலையில் நுழைந்தால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடலாம்.

ஆபரேஷன் முடிந்து, மூன்றாம் நாள் டாக்டர் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார். மறுநாள் மதியம் வைகையில் ஊருக்கு டிக்கெட். அன்றைக்கு விடிகாலை ஐந்தரைக்கு லாட்ஜ் வாசலில் ஆட்டோ பிடித்தோம். பத்து நிமிஷத்தில் காமராஜர் சாலை. மணல் பறந்து கண்ணில் விழக்கூடாது என்று அக்காவைக் கீழே இறங்க விடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து, உழைப்பாளர் சிலை பக்கத்திலிருந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்துக்கொண்டு வந்தது.

"அதோ வெள்ளையா ரெண்டு புள்ளி, அது என்னடா?"

துறைமுகத்துக்குள் வர இடத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் என்றேன்.

"போன மாசம் வாசல்ல நிக்கிற முருங்கை மரமே எனக்குத் தெரியல" என்றாள். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, நிதானமாகப் பார்க்கட்டும் என்று டீ குடிக்கப் போனார்.